கிரேக்கத் தொன்மத்திலிருந்து ஒரு புதிய இசை: நட்புப் போட்டிக்கு இசையமைப்போருக்கான முழுமையான வழிகாட்டி

கிரேக்கத் தொன்மம் என்ற தலைப்பு அறிவிக்கப்பட்டதும் புதிதாக இசையமைக்க வருபவர்களில் பெரும்பாலோர் முதலில் திறப்பது வாத்தியப் பட்டியலைத்தான். யாழ் போன்ற ஓர் ஒலி, பெரிய முரசு, பின்னால் ஒரு சேர்ந்திசைக் குழு என்று அடுக்கிவிட்டு, அதற்குப் பிறகுதான் கதையைத் தேடுகிறார்கள். அப்படி உருவாகும் இசை எந்தக் கதைக்கும் பொருந்துவதாகவும் எந்தக் கதையையும் சொல்லாததாகவும் நின்றுவிடுகிறது. கதையின் அமைப்பு இசையின் அமைப்பாக மாறிய பிறகே ஒலியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதால், இந்த வழிகாட்டியில் படிகளின் வரிசை மிக முக்கியமானது. மெட்டு ஒன்றை இட்டுக்கட்டவும் அதை ஒரு மென்பொருளில் பதிவுசெய்யவும் ஓரளவு தெரிந்தவர்களை மனத்தில் வைத்து இது எழுதப்பட்டுள்ளது.

1. தொடங்குவதற்கு முன் உறுதிசெய்ய வேண்டியவை

போட்டியின் விதிகளை முழுமையாகப் படித்து, ஐந்து கேள்விகளுக்கான விடைகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இசையின் உச்ச நீளம் எவ்வளவு? பாடல் வரிகளுக்கு இடம் உண்டா? பிறர் பதிவுசெய்து விற்கும் லூப்புகளை (திரும்பத் திரும்ப ஒலிக்கவிடும் சிறு இசைத்துண்டுகளை) பயன்படுத்தலாமா? எந்தக் கோப்பு வடிவத்தில் அனுப்ப வேண்டும்? வாக்களிப்பவர்கள் யார்? நட்புப் போட்டிகளில் பெரும்பாலும் பங்கேற்பாளர்களே ஒருவருக்கொருவர் வாக்களிப்பதால், உங்கள் இசையைக் கேட்கப்போகிறவர் ஒரே அமர்வில் இன்னும் பல படைப்புகளைக் கேட்கப்போகிறவர் என்பதை ஆரம்பத்திலேயே நினைவில் கொள்ள வேண்டும்.

கருவிகளைப் பொறுத்தவரை, நீங்கள் ஏற்கெனவே பழகிய மென்பொருளே சிறந்தது. போட்டிக்காகப் புதிய மென்பொருளைக் கற்கத் தொடங்குபவர்கள் இசைக்கென வைத்திருந்த நேரத்தைப் பொத்தான்களைத் தேடுவதில் இழக்கிறார்கள். ரீப்பர் போன்ற பதிவு மென்பொருளோ மியூஸ்ஸ்கோர் போன்ற இசைக்குறிப்பு மென்பொருளோ ஒன்று போதும்.

நாட்களையும் பிரித்துக்கொள்ளுங்கள். நான்கு வாரம் இருக்குமானால், முதல் வாரத்தைப் படிப்பதற்கும் வடிவமைப்பதற்கும், இரண்டாவதை முதல் வரைவுக்கும், மூன்றாவதைத் திருத்தத்துக்கும், நான்காவதைத் தடங்களின் ஒலிகளைச் சமன்செய்து கலக்கும் மிக்ஸிங்குக்கும் ஒதுக்கலாம். முதல் வாரத்தில் ஒரு சுரம்கூடப் பதிவாகவில்லையே என்று பதற்றப்பட வேண்டியதில்லை. அந்த வாரம் சரியாகக் கழிந்தால் இரண்டாம் வாரத்தின் வேலை பாதியாகக் குறைந்துவிடும்.

2. கதையை மூலத்தில் படியுங்கள்

சுருக்கங்களில் கதை இருக்கும். இசைக்குத் தேவையான நுணுக்கம் இருக்காது. மூல நூல்களின் மொழிபெயர்ப்பில் உங்கள் கதைக்குரிய பகுதியை மட்டுமாவது படியுங்கள். கல்லை ஓயாமல் மேலே உருட்டும் தண்டனை பெற்ற சிசிஃபஸ், ஹோமரின் ஒடிசியில் 11ஆம் காண்டத்தில் வருகிறான். எக்கோவும் நார்சிசஸும் ரோமானியக் கவிஞர் ஓவிடின் ‘உருமாற்றங்கள்’ நூலில் 3ஆம் காண்டத்திலும், இக்காரஸ் 8ஆம் காண்டத்திலும், ஆர்ஃபியஸ் 10ஆம் காண்டத்திலும் இடம்பெறுகிறார்கள். இந்தப் பகுதிகள் ஒவ்வொன்றும் ஒரே அமர்வில் படித்துவிடக்கூடிய அளவே உடையவை.

மூலத்தைப் படிப்பதற்கான காரணத்தைப் பெர்செஃபனியின் கதை தெளிவாகக் காட்டும். இறந்தோரின் அரசன் ஹேடிஸால் கீழுலகுக்குக் கவர்ந்து செல்லப்பட்ட அவள், மாதுளை விதையை உண்டதால் ஆண்டின் ஒரு பகுதியை அங்கேயே கழிக்க வேண்டியவளாகிறாள். அவளுடைய தாய் டெமீட்டருக்கான ஹோமரியப் பாசுரத்தில் அந்தப் பகுதி ஆண்டின் மூன்றில் ஒரு பங்கு. ஓவிடிலோ ஆண்டு சரிபாதியாகப் பிரிகிறது. இசையமைப்பவருக்கு இது வெறும் தகவல் அல்ல. முதல் மூலத்தைப் பின்பற்றினால் இருண்ட பகுதிக்கும் ஒளி மிகுந்த பகுதிக்கும் இடையே ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதம் கிடைக்கிறது. இரண்டாவதைப் பின்பற்றினால் சமமான இரு பாதிகள் கிடைக்கின்றன. எந்த மூலத்தைப் படித்தீர்கள் என்பதே உங்கள் இசையின் நீள அளவுகளை மாற்றிவிடுகிறது.

பாடல் வரிகள் எழுதப்போகிறவர்கள் இங்கே ஓர் எச்சரிக்கையைக் கவனிக்க வேண்டும். பழைய கிரேக்க, இலத்தீன் மூலங்களுக்குப் பதிப்புரிமை இல்லை. ஆனால் அண்மைக்கால மொழிபெயர்ப்புகளுக்கு உண்டு. மொழிபெயர்ப்பின் வரிகளை எடுத்தாளாமல், கதையை உள்வாங்கி உங்கள் சொற்களிலேயே எழுதுங்கள்.

3. கதையிலிருந்து ஒரே ஒரு செயலைத் தேர்ந்தெடுங்கள்

இந்தப் படியில்தான் மிக அதிகமானோர் தடுமாறுகிறார்கள். ‘ஜீயஸ்’, ‘ஏதீனா’, ‘ஒலிம்பஸ்’ என்று ஒரு பெயரைத் தலைப்பாக வைத்துவிட்டு, கம்பீரமான ஒரு மெட்டை அமைத்தால் பணி முடிந்தது என்று எண்ணுகிறார்கள். பெயருக்கு இசை வடிவம் கிடையாது, செயலுக்கு உண்டு. செயல் என்பது ஒரு தொடக்கமும் ஒரு திருப்பமும் அதற்குப் பிந்தைய நிலையும் கொண்டது. மூன்று நிமிட இசைக்கு அந்த மூன்றுமே போதும்.

நேரெதிரான தவறும் உண்டு. ஆர்ஃபியஸின் காதல், திருமணம், பாம்பு கடித்து மனைவி யூரிடிசி இறத்தல், அவளை மீட்கக் கீழுலகப் பயணம், ஹேடிஸின் முன் பாடுதல், பார்க்கக் கூடாது என்ற நிபந்தனையை மீறித் திரும்பிப் பார்த்தல், அவனுடைய சாவு என்று முழுக் கதையையும் மூன்று நிமிடத்தில் அடக்க முயல்பவர்கள், ஒவ்வொரு காட்சிக்கும் இருபது வினாடிகளுக்குச் சற்று மேலாகத் தந்து, கேட்பவரை எந்தக் காட்சியிலும் தங்கவிடாமல் துரத்துகிறார்கள். ‘அவன் முன்னே நடக்கிறான், அவள் பின்னே வருகிறாள், அவன் திரும்புகிறான்’ என்பது மட்டுமே ஒரு முழு இசைக்குப் போதுமான பொருள்.

தேர்ந்தெடுத்த செயலை ஒரே வாக்கியத்தில், வினைச்சொற்களைக் கொண்டு எழுதிப்பாருங்கள். ‘கல்லை மேலே உருட்டுகிறான், உச்சியை நெருங்கும்போது அது உருண்டு கீழே வருகிறது, மீண்டும் உருட்டுகிறான்.’ ‘இறக்கை கட்டி எழுகிறான், சூரியனை நெருங்குகிறான், மெழுகு உருகி விழுகிறான்.’ வினைச்சொற்கள் கிடைக்கவில்லை என்றால் நீங்கள் தேர்ந்தெடுத்திருப்பது இன்னும் ஒரு பெயராகவே இருக்கிறது என்று பொருள்.

இனி வரும் படிகளை விளக்க நான் எக்கோவின் கதையை எடுத்துக்கொள்கிறேன். பிறர் பேசியதன் கடைசிச் சொற்களை மட்டுமே திரும்பச் சொல்ல முடியும் என்று சாபம் பெற்ற வனதேவதை அவள். தோழர்களைப் பிரிந்து காட்டில் நிற்கும் நார்சிசஸ் ‘யாரேனும் உண்டா’ என்று குரல் கொடுக்க, அவள் ‘உண்டு’ என்கிறாள். அவளை அவன் உதறித் தள்ளுகிறான். அவள் உடல் மெலிந்து எலும்புகள் கல்லாகி, குரல் மட்டும் எஞ்சுகிறது. அவனோ நீர்நிலையில் தெரியும் தன் உருவத்தின் மீதே காதல் கொண்டு அங்கேயே அழிகிறான். என் ஒற்றை வாக்கியம்: ‘அழைப்பின் கடைச்சொல் பதிலாகத் திரும்புகிறது, பதில் சொன்னவளை அவன் மறுக்கிறான், அவன் தன் பிம்பத்திடம் சிக்க, அவள் குரலாகத் தேய்கிறாள்.’

4. செயலை நேர வரைபடமாக மாற்றுங்கள்

சுரங்களுக்கு முன்பாக நேரத்தைப் பிரிக்க வேண்டும். போட்டியின் உச்ச நீளம் மூன்று நிமிடம் என்று கொள்வோம். இறுதி ஒலி அடங்குவதற்கும் இடம் விட்டு, இரண்டு நிமிடம் நாற்பது வினாடிகளை இசைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 72 பீட் என்ற வேகத்தில் 160 வினாடிகளுக்கு 192 பீட்டுகள் வரும். நான்கு பீட் கொண்ட பார்களாக எண்ணினால் 48 பார்கள். இந்தக் கணக்கைச் செய்யாமல் தொடங்குபவர்கள் முன்னுரையிலேயே ஒரு நிமிடத்தைச் செலவழித்துவிட்டு, முடிவை அவசரமாக வெட்டுகிறார்கள்.

எக்கோவுக்கான பிரிப்பு இவ்வாறு அமையும்: 1 முதல் 8ஆம் பார் வரை, அழைப்பும் முதல் எதிரொலியும். 9 முதல் 20 வரை, அழைப்பும் பதிலும் நெருங்கி வருதல். 21 முதல் 26 வரை, மறுப்பு. 27 முதல் 40 வரை, நீர்நிலை. 41 முதல் 48 வரை, குரல் மட்டும் எஞ்சுதல். திருப்பம் நிகழ்ந்து நீர்நிலைப் பகுதி தொடங்கும் இடம் ஏறக்குறைய ஒரு நிமிடம் இருபத்தேழாவது வினாடியில், அதாவது நடுப்பகுதியைச் சற்றே தாண்டி வருகிறது. திருப்பத்துக்கு முன்னால் பழகுவதற்கும் பின்னால் அதன் விளைவை உணர்வதற்கும் கேட்பவருக்கு நேரம் கிடைக்க வேண்டும் என்பதே இதன் காரணம்.

எல்லாக் கதைக்கும் இதே வரைபடம் பொருந்தாது. சிசிஃபஸுக்குத் திருப்பம் ஒன்றல்ல, பல. ஒவ்வொரு சுற்றும் முந்தையதைவிடச் சற்று நீண்டோ சுருங்கியோ வர வேண்டும், இல்லையேல் திரும்பச் செய்தல் என்பது வெறும் நகலெடுப்பாகக் கேட்கும். இக்காரஸுக்கு ஏற்றம் நீளமாகவும் வீழ்ச்சி மிகக் குறுகியதாகவும் இருப்பது பொருத்தம். அரியாட்னியின் நூலைப் பிடித்துக்கொண்டு சிக்கல்மாளிகைக்குள் செல்லும் தீசியஸுக்கு, உள்ளே சென்ற வரிசையை அப்படியே பின்னோக்கி மீட்டு வெளியேறும் வடிவம் தானாகவே கிடைத்துவிடுகிறது.

5. கரு மெட்டை உருவாக்குங்கள்

நான்கு முதல் ஆறு சுரங்களுக்குள் அடங்கும் ஒரு சிறு சொற்றொடரைக் கரு மெட்டு என்று இங்கே அழைக்கிறேன். அது சிறியதாக இருக்க வேண்டும். ஏனெனில் அதை நீங்கள் உடைக்கவும் நீட்டவும் தலைகீழாக்கவும் போகிறீர்கள், அப்போதும் கேட்பவருக்கு அது அடையாளம் தெரிய வேண்டும். அழகான எட்டு பார் மெட்டோடு வருபவர்களுக்கு அதை வளர்க்க வழி இல்லாமல் போவதை அடிக்கடிக் காணலாம். முழுமையாக மலர்ந்துவிட்ட மெட்டைத் திரும்பப் பாட மட்டுமே முடியும்.

எக்கோவின் இசைக்கு நார்சிசஸின் அழைப்பை ‘ப த ப க ரி’ என்று வைத்துக்கொள்வோம். இதில் ரி சதுசுருதி ரிஷபம், க அந்தர காந்தாரம், த சதுசுருதி தைவதம். அவள் திருப்பிச் சொல்லக்கூடியது கடைசி இரண்டு சுரங்களான ‘க ரி’ மட்டுமே. அழைப்பு ஒலிக்கும்போது கீழே ஆதார ஸ நிற்கட்டும். அந்த ஸ-வின் மேல் ரி நிலைகொள்ளாமல் தொங்குவதால் அது கேள்வியாகக் கேட்கும். எக்கோ அதே ‘க ரி’யைப் பாடும்போது கீழ்க்குரலை ப-வுக்கு நகர்த்துங்கள். ப-விலிருந்து எண்ணினால் ரி ஐந்தாவது சுரமாகி நிலைபெறுகிறது. அதே இரண்டு சுரங்கள் இப்போது பதிலாகக் கேட்கின்றன. ஓவிடின் காட்சியில் கேள்வியின் கடைச்சொல்லே பதிலாவது போல, சுரங்கள் மாறாமலே பொருள் மட்டும் மாறிவிடுகிறது.

நீர்நிலைப் பகுதிக்கு அதே கரு மெட்டைத் தலைகீழாக்குங்கள். மேலே சென்ற இடத்தில் கீழேயும், கீழே இறங்கிய இடத்தில் அதே அளவு மேலேயும் சென்றால் ‘ப ம ப நி’ என்று ஏறி மேல் ஸ-வில் முடியும். இங்கே ம சுத்த மத்தியமம், நி கைசிகி நிஷாதம். மூல மெட்டையும் அதன் பிம்பத்தையும் ஒரே நேரத்தில் ஒலிக்கவிட்டால், இரண்டும் முதலில் இணக்கமாகத் தொடங்கி, நான்காவது சுரத்தில் அந்தர காந்தாரமும் கைசிகி நிஷாதமும் மோதுகின்றன. இரண்டுக்கும் இடையே ஆறு அரைச்சுர இடைவெளி இருப்பதால் அந்த இடம் உறுத்தும். நார்சிசஸ் தன் பிம்பத்தைத் தொட முனைந்து தோற்கும் இடமாக அந்த உறுத்தலை வைத்துக்கொள்ளலாம். அதை மென்மையாக்க முயல வேண்டாம்.

எக்கோவின் குரலுக்கு டிலே என்னும் விளைவுக் கருவியைப் போட்டு விட்டுவிடலாமே என்று பலர் கேட்பதுண்டு. டிலே ஒலியை அப்படியே திருப்பித் தரும். எதைத் திருப்ப வேண்டும், எதை விட வேண்டும், கீழ்க்குரல் எப்போது நகர வேண்டும் என்பதை அது முடிவுசெய்யாது. எதிரொலியை நீங்களே சுரங்களாக எழுதுங்கள்.

6. சுர வரிசை: ‘கிரேக்க ஒலி’ என்ற பொறி

கரு மெட்டுக்குப் பிறகே சுர வரிசையைப் பற்றிச் சிந்திக்க வேண்டும். படிகளின் இந்த வரிசையை மாற்றியவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் போய் நிற்கிறார்கள்: மாயாமாளவகௌளை அல்லது வகுளாபரணம் ராகத்துக்கு இணையான சுரங்களை எடுத்து, அவற்றின் பெரிய தாவலைத் திரும்பத் திரும்ப ஒலித்து, ‘பழமை’ என்று பெயரிடுகிறார்கள். அவ்வகை ஒலியைப் பிற்காலக் கிரேக்க நாட்டுப்புற, நகர்ப்புற இசையில் கேட்கலாம். தொன்மக் கதைகளைப் பாடிய காலத்தின் அடையாளமாக அதைக் கொள்வதற்கில்லை. அது அழகான ஒலிதான். ஆனால் ஒரே போட்டியில் பல படைப்புகள் அதையே கையாளும்போது உங்கள் இசை தனித்துத் தெரியாது.

பழங்கிரேக்க இசைக் கோட்பாட்டின் அடிப்படை, நான்கு சுரங்கள் கொண்ட டெட்ராகார்டு என்னும் தொகுதி. அதன் இரு முனைகளும் ஸ–ம இடைவெளியில் நிலையாக நிற்க, நடுவிலுள்ள இரண்டும் இடம் மாறும். மேலிருந்து இறங்கும்போது முழுச்சுரம், முழுச்சுரம், அரைச்சுரம் என்று வந்தால் டயட்டானிக். மூன்று அரைச்சுரத் தாவலும் அதன்பின் இரண்டு அரைச்சுரங்களும் வந்தால் குரோமாட்டிக். நான்கு அரைச்சுர அளவுள்ள தாவலும் அதன்பின் இரண்டு கால்சுரங்களும் வந்தால் என்ஹார்மோனிக். ஒரே மெட்டை இந்த மூன்று வகைகளிலும் இறக்கிப் பாருங்கள். முனைகள் மாறாமல் உள்ளே மட்டும் இறுக்கம் கூடுவதை உணர்வீர்கள். கீழுலகுக்கு இறங்குவதைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான வழியை நான் அறியவில்லை.

கால்சுரத்தை மென்பொருளில் பெறுவது எளிது. மிடி என்னும் சுரக் கட்டளை முறையில் சுரத்தை மேலும் கீழும் வளைக்கும் பிட்ச் பெண்டின் எல்லையை வழக்கமான இரண்டு அரைச்சுரங்களில் வைத்தால், மேல்நோக்கிய முழு அளவு சுமார் 8192 படிகள். அதில் 2048 படிகள் ஒரு கால்சுரத்தைத் தரும். இதை ஒரே நேரத்தில் ஒரு சுரம் மட்டும் ஒலிக்கும் தனித்தடத்தில் செய்யுங்கள், ஏனெனில் பிட்ச் பெண்ட் அந்தத் தடத்தில் ஒலிக்கும் எல்லாச் சுரங்களையும் சேர்த்தே நகர்த்திவிடும்.

டோரியன், ஃபிரிஜியன் போன்ற பெயர்களிலும் கவனம் தேவை. இன்றைய பாடநூல்களில் உள்ள மோடுகள் என்னும் சுர வரிசை வகைகள் இடைக்காலத் தேவாலய இசையின் வழியாக வந்தவை. பழைய பெயர்கள் வேறு சுர வரிசைகளின் மேல் ஒட்டிக்கொண்டன. பழங்கிரேக்கர்கள் டோரியன் என அழைத்த வரிசை, இன்று ஃபிரிஜியன் எனப்படும் தோடிக்கு இணையான அமைப்பை ஒத்தது. ஆகவே, குறிப்பில் ‘பழைய டோரியனில் அமைத்தேன்’ என்று எழுதும் முன் எந்த டோரியன் என்று உங்களுக்கே தெளிவாக இருக்கட்டும்.

இவ்வளவு சொன்ன பிறகும், பழைய சுர வரிசையைப் பயன்படுத்துவது கட்டாயமல்ல என்பதே என் கருத்து. மேலே அமைத்த எக்கோவின் மெட்டும் அதன் பிம்பமும் சேர்ந்து அரிகாம்போதியின் சுரங்களுக்குள் அடங்கிவிட்டன. கதையின் செயலே அந்தச் சுரங்களைக் கொண்டுவந்தது; அதற்கு மேல் பழமைச் சாயம் பூசத் தேவையில்லை.

பழைய மெட்டுகளை மேற்கோளாக எடுப்பது பற்றியும் ஒரு சொல். சுரக்குறிப்போடு முழுமையாகக் கிடைத்தவற்றில் மிகப் பழையதாகக் கருதப்படும் செய்கிலோஸ் கல்வெட்டுப் பாடல் இன்று கோபன்ஹேகனிலுள்ள டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் மெட்டுக்கு உரிமைத் தடை இல்லை. ஆனால் போட்டி கேட்பது புதிய இசை. படித்துப் பாருங்கள், பாடிப் பாருங்கள், உங்கள் படைப்பில் அதை ஒட்டவைக்காதீர்கள்.

7. தாளத்தைச் செய்யுளிலிருந்து பெறுங்கள்

பழங்கிரேக்கச் செய்யுள் நெடிலும் குறிலும் மாறி மாறி வரும் அளவையில் இயங்கியது. ஒரு நெடில் இரண்டு குறில்களுக்குச் சமம். ஹோமரின் காவியங்களில் வரும் டாக்டில் என்னும் சீர் ‘நெடில் குறில் குறில்’, அதாவது இரண்டு, ஒன்று, ஒன்று என நான்கு மாத்திரை. இதை மூன்று மாத்திரையாகச் சுருக்கிக் குதிரை ஓட்டமாக்கிவிடுவது பரவலான பிழை. இரு பாதிகளும் சமமாக நிற்பதே அந்தச் சீரின் நிதானத்துக்குக் காரணம். ‘நெடில் குறில் நெடில்’ என்ற கிரெட்டிக் ஐந்து மாத்திரை கொண்டது. டெல்ஃபியில் கல்லில் பொறிக்கப்பட்டுக் கிடைத்துள்ள அப்போலோ பாசுரங்கள் பெரும்பாலும் இந்த ஐந்து மாத்திரை நடையில் அமைந்தவை. கண்ட நடைக்குப் பழகிய செவிக்கு அது உடனே பிடிபடும்.

செயலும் தாளமும் எப்படி இணையலாம் என்பதற்கு ஒடிசியிலேயே சான்று உள்ளது. 11ஆம் காண்டத்தில் சிசிஃபஸின் கல் உருண்டு இறங்குவதைச் சொல்லும் 598ஆம் அடியில், இறுதிச் சீர் தவிர அனைத்தும் டாக்டிலாகவே விரைகின்றன. கல்லை மேலே தள்ளும் அடிகளில் நெடில்கள் கனத்து நிற்கின்றன. இந்த உத்தியை அப்படியே இசைக்குக் கொண்டுவரலாம்: ஏற்றத்துக்கு இரண்டு நெடில்கள் கொண்ட கனமான சீர், இறக்கத்துக்கு டாக்டில். வேகத்தை மாற்றாமலேயே வேகம் கூடியதாகக் கேட்கும்.

மூன்று, இரண்டு, இரண்டு என ஏழாகப் பிரியும் நடை கலமாட்டியானோஸ் என்ற கிரேக்க நாட்டுப்புற நடனத்துக்கு உரியது. கதைக்கு நடனம் தேவைப்பட்டால் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

8. வாத்தியங்கள்

இப்போதுதான் வாத்தியப் பட்டியலைத் திறக்க வேண்டும். ஒவ்வொரு வாத்தியத்திடமும் ‘இந்தச் செயலில் நீ யார்?’ என்று கேளுங்கள். விடை கிடைக்காத வாத்தியத்தை நீக்கிவிடுங்கள். எக்கோவுக்கு இரண்டு குரல்களும் ஒரு கீழ்க்குரலும் போதும். ஒற்றை வாத்தியமே போதும் என்பதற்கும் நல்ல சான்று உண்டு: 1951இல் ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் ஓவிடை அடிப்படையாகக் கொண்டு அமைத்த ஆறு சிறு படைப்புகள் ஓபோ என்னும் நாணல் நாக்குக் காற்றுக்கருவி ஒன்றுக்கு மட்டுமானவை, அவற்றுள் நார்சிசஸும் ஒன்று.

கதையில் வாத்தியம் பெயரோடு வந்தால் அதைச் சரியாகப் பெறுங்கள். ஹெர்மிஸ் ஆமையோட்டில் ஏழு நரம்பு கட்டிச் செய்த லைர், ஓசை விரைவில் அடங்கிவிடும் சிறு யாழ். அதற்குப் பெரிய கச்சேரி ஹார்ப்பின் ஒலி பொருந்தாது, நைலான் நரம்புக் கிட்டாரை அதன் பிரிட்ஜுக்கு (பலகையில் நரம்புகள் கட்டப்பட்ட இடத்துக்கு) அருகில் மீட்டும் ஒலி நெருங்கி வரும். ஏதீனா வீசியெறிய, மார்சியாஸ் எடுத்துக்கொண்டு அப்போலோவின் யாழோடு போட்டியிட்ட ஆலோஸ், நாணல் நாக்குப் பொருத்திய, பெரும்பாலும் இரட்டையாக ஊதப்பட்ட கருவி. அதைப் புல்லாங்குழலாக எண்ணி மென்மையான ஒலியைத் தருபவர்கள் அந்தக் கதையின் மோதலையே இழக்கிறார்கள். டுடுக் என்னும் ஆர்மீனிய நாணல் கருவி அல்லது ஓபோவின் ஒலியே அதற்கு நெருக்கமானது. பான் ஊதுவது நாணல் குழல்களை அடுக்கிக் கட்டிய சிரிங்ஸ். அங்கே பான் குழலின் ஒலி சரியானது.

9. முதல் வரைவை இறுதிவரை எழுதுங்கள்

முதல் எட்டு பார்களை மெருகேற்றிக்கொண்டே ஒரு வாரத்தைக் கடத்துவது மிகச் சாதாரணமாக நிகழ்கிறது. 48 பார்களையும் பியானோ ஒலி ஒன்றிலேயே, குறைகளோடு, கடைசி பார் வரை எழுதிவிடுங்கள். பியானோவில் செயல் புரியவில்லை என்றால் சேர்ந்திசைக் குழுவும் அதைப் புரியவைக்காது. அது பிழையை மறைக்கும், நீக்காது.

வரைவு முடிந்ததும் கதையைச் சொல்லாமல் இருவரிடம் போட்டுக் காட்டுங்கள். ‘நன்றாக இருக்கிறதா’ என்று கேட்டால் நாகரிகமான விடையே கிடைக்கும். ‘எங்கே மாறியது? மாறிய பிறகு என்ன ஆனது?’ என்று கேளுங்கள். அவர்கள் கதையைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. திருப்பம் நிகழும் இடத்தைச் சரியாகச் சுட்டினால் வடிவம் வேலைசெய்கிறது. வேறு இடத்தைச் சுட்டினால், அந்த இடத்தில் தேவையற்ற ஒன்று கவனத்தை இழுக்கிறது என்று கொண்டு அதைக் குறையுங்கள். திருப்பத்தை மேலும் உரக்கச் செய்வதைவிட இதுவே பயன் தருகிறது.

தொடக்கத்தையும் இந்தக் கட்டத்தில் மீண்டும் கேளுங்கள். பல படைப்புகளை வரிசையாகக் கேட்பவர் முன்னால் நீண்ட காற்றொலியும் மெல்ல எழும் ஒற்றைச் சுரமும் முப்பது வினாடி நீடித்தால் கவனம் கலைந்துவிடும். கரு மெட்டு முதல் பதினைந்து வினாடிக்குள் ஒருமுறையேனும் வந்துவிட வேண்டும்.

10. மிக்ஸிங்கும் ஏற்றுமதியும்

தொலைவைக் காட்ட ஒலியளவைக் குறைப்பது மட்டும் போதாது. தொலைவிலிருந்து வரும் ஒலியில் உயர் அதிர்வெண்கள் காற்றில் தேய்ந்துவிடுகின்றன, நேரடி ஒலியைவிடச் சுற்றுப்புறப் பிரதிபலிப்பு மிகுந்திருக்கும். எனவே எக்கோவின் தடத்தில் உயர் அதிர்வெண்களைச் சற்றுக் குறைத்து, அந்தப் பிரதிபலிப்பைச் சேர்க்கும் ரிவெர்ப் விளைவைக் கூட்டுங்கள். நார்சிசஸின் தடத்தைக் கிட்டத்தட்ட ரிவெர்ப் இல்லாமலே வைத்திருங்கள். எல்லாத் தடங்களுக்கும் ஒரே பெரிய ரிவெர்ப்பைப் போட்டால் குகை கிடைக்கும், இருவருக்கும் இடையிலான தூரம் கிடைக்காது.

உச்ச அளவை மைனஸ் ஒரு டெசிபலுக்குக் கீழே நிறுத்துங்கள். எம்பி3 ஆக மாற்றும்போது உச்சங்கள் சற்று உயர்ந்து உடைவது இதனால் தவிர்க்கப்படும். சராசரி உரப்பு மைனஸ் 16 முதல் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (செவி உணரும் உரப்பை அளக்கும் அலகு) வரை இருந்தால் போதும். அதற்கு மேல் நசுக்கினால், மெல்லொலிக்கும் பேரொலிக்கும் இடையிலான வேறுபாடு மறைந்து திருப்பமே தட்டையாகிவிடும். கைபேசியின் சிறிய ஒலிபெருக்கியிலும் கேட்டுப்பாருங்கள்: நம் எடுத்துக்காட்டில் கேள்வியைப் பதிலாக மாற்றுவது கீழ்க்குரல்தான், அது கைபேசியில் கேட்காவிட்டால் கதையே போய்விடும். அப்படியானால் கீழ்க்குரலை ஒரு ஸ்தாயி மேலே இரட்டிப்பது எளிய தீர்வு.

ஏற்றுமதி செய்யும்போது கடைசிச் சுரம் முடியும் இடத்தில் வெட்டாமல், ரிவெர்ப் முழுவதும் அடங்கும்வரை எல்லையை நீட்டுங்கள். 24 பிட் வேவ் கோப்பு ஒன்றைச் சேமித்துக்கொண்டு, விதிகள் கேட்கும் வடிவத்தை அதிலிருந்து உருவாக்குங்கள். உருவான கோப்பை வேறொரு கருவியில் முதலிலிருந்து கடைசிவரை கேட்ட பிறகே அனுப்ப வேண்டும்.

11. குறிப்பும் சமர்ப்பிப்பும்

இசையோடு அனுப்பும் குறிப்பு மூன்று நான்கு வாக்கியங்களைத் தாண்டக் கூடாது. எந்தக் கதை, எந்த மூலம், எந்தச் செயல் என்பதைச் சொல்லி, கேட்பவர் செவிகொடுக்க வேண்டிய ஒரே ஓர் இடத்தைச் சுட்டுங்கள். எக்கோவுக்கு ‘அழைப்பின் கடைசி இரண்டு சுரங்களைக் கவனியுங்கள்’ என்ற ஒரு வரி போதும். முழுக் கதையையும் எழுதினால் கேட்பவர் படித்துக்கொண்டே கேட்பார், இசை பின்னணியாகிவிடும். பெயர் மறைத்து வாக்களிக்கும் போட்டியாக இருந்தால், கோப்பின் பெயரிலும் உள்ளே பதிந்துள்ள விவரங்களிலும் உங்கள் பெயர் இல்லை என்பதைச் சரிபாருங்கள். கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பே அனுப்பிவிடுங்கள். வடிவப் பிழை இருந்தால் திருத்த அவகாசம் கிடைக்கும்.

வாக்களிக்கும் நேரம் வரும்போது மற்றவர்களின் படைப்புகளையும் அவர்களுடைய குறிப்பைப் படிக்காமல் ஒருமுறையும், படித்துவிட்டு ஒருமுறையும் கேளுங்கள். கருத்து எழுதும்போது திருப்பம் எந்த இடத்தில் உங்களுக்குக் கேட்டது என்பதை நிமிடம், வினாடியோடு குறிப்பிடுங்கள். இசையமைத்தவருக்கு மதிப்பெண்ணைவிட அந்த எண்தான் அடுத்த வரைவில் உதவும், உங்கள் படைப்புக்கும் அதே வகைக் கருத்தைத் தயங்காமல் கேட்டுப் பெறுங்கள்.